டிவி முன்னாடி உங்களை எழுந்து நிக்க வெச்ச ஆள் யாரு? எந்த விளையாட்டா இருந்தாலும் சரி

சூரமங்கலத்தான்

நேத்து சாயந்திரம் சேலம் நாலு ரோடு பக்கம் தட்டுவடை செட் சாப்பிட்டுட்டு நிக்கும்போது ஆரம்பிச்ச சண்டை, ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்தும் முடியல. அதான் இங்க கொண்டாந்து கொட்டறேன்.

கூட இருந்த நண்பன் சொல்றான், "கப்பு எத்தனை, மெடல் எத்தனை, அவ்வளவுதான்டா கணக்கு." அப்படிப் பார்த்தா ஃபெல்ப்ஸ் ஒருத்தர்கிட்டயே 23 ஒலிம்பிக் தங்கம் இருக்கு, பேச்சு அங்கயே முடிஞ்சுது. ஆனா ஃபெல்ப்ஸ் நீந்தறதைப் பார்த்து நான் ஒரு தடவைகூட சேரை விட்டு எழுந்ததில்ல. அவர்மேல குத்தம் இல்ல, எனக்கு நீச்சல் தெரியாது.

என்னை எழுப்பறவங்க வேற ரகம். கையில ஒரே ஒரு வித்தை இருக்கும். அதுதான் வரப்போகுதுன்னு எதிராளிக்கும் தெரியும். தெரிஞ்சும் ஒண்ணும் பண்ண முடியாது.

முதல் ஆள், வேற யாரு, நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன். 2020 நவம்பர் 6, அபுதாபி, ஐ.பி.எல். எலிமினேட்டர். டிவில்லியர்ஸ் 56 அடிச்சு நிக்கிறார். யார்க்கர், அதாவது நேரா கால்கிட்ட குத்தற பந்து, வரும்னு அவருக்குத் தெரியாதா? வந்துச்சு. மட்டை கீழ வர்றதுக்குள்ள ஸ்டம்ப் பேர்ந்துடுச்சு. யார்க்கர் போட்டுப் பார்த்தவனுக்குத்தான் அந்த அருமை தெரியும். தப்புக்கு ஒரு சாண் இடம்கூட கிடையாது. கொஞ்சம் முன்னாடி குத்தினா பேட்ஸ்மேனுக்கு அல்வா மாதிரி ஸ்லாட்ல போகும், கொஞ்சம் நீண்டுட்டா ஃபுல் டாஸ். நான் காஞ்ச ஏரிக்குள்ள டென்னிஸ் பால் மேட்ச்ல "கடைசி ஓவர் எங்கிட்ட விடுங்க, ஆறும் யார்க்கர்"னு சொல்லி வாங்கி, நாலு ஃபுல் டாஸ் போட்டு 22 ரன் கொடுத்தவன். அதுக்கப்புறம் எங்க டீம்ல எனக்கு வேலை ஸ்கோர் எழுதறதுதான்.

அடுத்து டென்னிஸ்ல நடால். களிமண் தரையில 14 ஃப்ரெஞ்ச் ஓபன். இடது கையால சுத்தி விடற அந்தப் பந்து எதிராளி தோளுக்கு மேல எகிறும்னு பாரிஸ்ல டிக்கெட் கிழிக்கிறவருக்கும் தெரியும்.

மூணாவது புப்கா. போல் வால்ட், கம்பை ஊன்றி உயரம் தாண்டறது. வெளி மைதானம், உள்ளரங்கம் ரெண்டும் சேர்த்து 35 தடவை உலக சாதனை. பல தடவை ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் ஏத்துவார். ஒவ்வொரு சாதனைக்கும் போனஸ் உண்டே! சீட்டு கட்டற மாதிரி மாசாமாசம் ஒரு சென்டிமீட்டர்.

நாலாவது நம்ம பெரியவடகம்பட்டி மாரியப்பன். ரியோ 2016 பாராலிம்பிக்ல உயரம் தாண்டுதல், 1.98 தாண்டி தங்கம். இதுக்கு மேல நான் சொல்ல வேண்டியதில்ல.

உங்க ஆள் யாரு? கோலி, தோனி, மெஸ்ஸி, ரொனால்டோவுக்கு வேற இழை இருக்கு, அங்க போய் அடிச்சுக்கோங்க.

தட்டுவடை_செட்

அண்ணா மெஸ்ஸியைச் சொல்லக்கூடாதுன்னா இந்த இழையை இழுத்து மூடிடுங்க. 2022 ஃபைனல் அன்னைக்கு எங்க தெருவே எழுந்து நின்னுச்சு. கீழ் வீட்டுப் பாட்டி "யாருடா போயிட்டாங்க"ன்னு கேட்டுட்டே வெளிய வந்துடுச்சு.

சூரமங்கலத்தான்

வேற இழை, தம்பி.

பி.டி.வாத்தியார்

ஒரு சிறு திருத்தம். மாரியப்பன் ரியோவில் தாண்டியது 1.89 மீட்டர். எண்ணை இடம் மாற்றிப் போட்டுவிட்டீர்கள். நீங்கள் ஏற்றிய ஒன்பது சென்டிமீட்டருக்கு புப்காவாக இருந்தால் ஒன்பது போனஸ் வாங்கியிருப்பார்.

அவரைப் பற்றி "சொல்ல வேண்டியதில்லை" என்று கடந்து போனது எனக்கு வருத்தம். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து போகும்போது பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போனது. ரியோவில் தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. பாரிஸில் 1.85, வெண்கலம். நடுவில் 2024இல் கோபே உலகப் போட்டியில் 1.88 தாண்டித் தங்கம். "தங்கம், வெள்ளி, வெண்கலம், இறங்கிக்கொண்டே வருகிறாரே" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். எண்களைப் பாருங்கள். எட்டு வருடத்தில் நான்கு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அவர் இறங்கவில்லை, மற்றவர்கள் ஏறினார்கள். பாரிஸில் தங்கம் வாங்கிய அமெரிக்கர் எஸ்ரா ஃப்ரெக் 1.94 தாண்டினார்.

டோக்கியோ அன்றைக்கு மழை. 1.80க்குப் பிறகு வலுத்துவிட்டது. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்துபோய்ச் சிரமமாகிவிட்டது என்று பிறகு அவரே சொன்னார். மைதானத்தில் பிள்ளைகளை நிறுத்தி உயரம் தாண்டச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காய்ந்த தரையிலேயே கடைசி மூன்று எட்டு பிசகினால் பார் விழுந்துவிடும். ஈரத்தில் ஓடிவந்து ஒற்றைக் காலில் உந்தி எழும்புவது எப்படிப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. இந்த விளையாட்டில் தங்கம் வாங்கியவனும் பெரும்பாலும் பாரைத் தட்டிவிட்டுத்தான் வெளியே வருவான். மூன்று முறை தொடர்ந்து விழுந்தால்தானே ஆட்டம் முடிகிறது! மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது முதலில் சிரிப்பார்கள்.

சூரமங்கலத்தான்

சார், 1.89தான். தப்பு என்னுது. முதல் பதிவைத் திருத்தாம அப்படியே விடறேன், இல்லன்னா உங்க பதில் புரியாம போயிடும்.

குகை_தறிக்காரன்

வாத்தியார் சொன்னது சரி. ஆனா சூரமங்கலத்தாரே, உங்க அளவுகோல்லயே கோளாறு இருக்கு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பப் பிசகாம செய்யறதுதான் பெருமைன்னா எங்க தெருவுல வீட்டுக்கு ரெண்டு மெடல் தரணும். எங்கப்பா நாற்பது வருஷம் ஒரே தறியில உக்காந்து நாடா தள்ளினார். யாரும் எழுந்து நிக்கல.

ஊர்ப்பாசத்தைக் கழிச்சுட்டுப் பேசுவோம். நடராஜன் இந்தியாவுக்கு ஆடினது 1 டெஸ்ட், 2 ஒருநாள், 4 டி20. ஆக மொத்தம் ஏழு மேட்ச். அந்த ஏழை நடால் பக்கத்துல, புப்கா பக்கத்துல எப்படி வைக்கிறீங்க? வேற மாவட்டத்துக்காரன் இந்தப் பட்டியலைப் பார்த்தா சிரிக்க மாட்டானா?

தட்டுவடை_செட்

தறியண்ணன் ஃபுல் டாஸை சிக்ஸுக்கு அனுப்பிட்டாரு 😄

அம்மாபேட்டை_அக்கா

ஏழு மேட்சா எழுபது மேட்சாங்கறது அப்புறம் இருக்கட்டும். இவ்வளவு நேரம் பேசியாச்சு, ஒரு பொண்ணு பேராவது வந்துச்சா?

நான் சொல்றேன். ஸ்வப்னா பர்மன். வங்காளத்துல ஜல்பாய்குரிப் பக்கம், ரிக்‌ஷா இழுத்தவரோட பொண்ணு. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல ஹெப்டத்லான் தங்கம். ஆசிய விளையாட்டு ஹெப்டத்லான்ல இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். பல்வலி தாங்காம தாடையில டேப் ஒட்டிட்டு ஓடினா. ரெண்டு நாள்ல ஏழு போட்டி: தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு, 200 மீட்டர், நீளம் தாண்டுதல், ஈட்டி, எல்லாம் முடிஞ்சு உடம்புல ஒண்ணுமே மிச்சம் இல்லாதப்போ 800 மீட்டர். உங்க "ஒரே வித்தை" கதை அங்க எடுபடாது. ஏழும் தெரியணும், ஏழுலயும் முதல் ஆளா இருக்கணும்னு அவசியம் இல்ல. அது என்னை மாதிரி ஆளுங்களுக்குப் புரியும். காலையில சமையல், ஆபீஸ், சாயந்திரம் டியூஷன்னு ஓடறவங்களுக்கு எந்த ஒரு வேலைக்கும் கப்பு கிடைக்காது, மொத்தமா கூட்டினாத்தான் பாயின்ட் வரும்.

அவளுக்கு ரெண்டு காலுக்கும் ஆறாறு விரல். கடையில வாங்கற ஷூ எதுவும் சரியா சேராது. இது ஏன் எனக்கு மனசுல நின்னுச்சுன்னா, என் பொண்ணு காந்தி ஸ்டேடியத்துல தடை ஓட்டம் பழகறா. பாதம் அகலம். போன வருஷம் ஒரு சைஸ் பெருசா ஸ்பைக்ஸ் வாங்கி, முன்னாடி பஞ்சு அடைச்சுப் போட்டுட்டு ஓடினா. மூணாவது தடையில ஷூ ஒருபக்கம் இவ ஒருபக்கம். முட்டியில இன்னும் தழும்பு இருக்கு. அதே காலோட எழுந்து கடைசியா வந்து முடிச்சா. நான் எழுந்து நின்னது அன்னைக்கும்தான், ஆனா டிவி முன்னாடி இல்ல.

அப்புறம் ஜிம்னாஸ்டிக்ஸ்ல சிமோன் பைல்ஸ். டோக்கியோவுல காத்துல சுத்தும்போது தலை எந்தப் பக்கம், தரை எந்தப் பக்கம்னு உடம்புக்குத் தெரியாமப் போகுதுன்னு ஒதுங்கினாங்க. அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசினவங்க எத்தனை பேரு! பாரிஸ்ல திரும்பி வந்து மூணு தங்கம்.

பி.டி.வாத்தியார்

அம்மா, உங்கள் பெண் நன்றாக வருவாள். கால் வளரும் வயதில் பஞ்சு அடைக்கும் வேலை மட்டும் வேண்டாம், வெறும் கேன்வாஸ் ஷூ போதும்.

பெண்கள் பேச்சு வந்ததால் பி.டி. உஷாவைச் சொல்லாமல் விட முடியாது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ், 400 மீட்டர் தடை ஓட்டம். மூன்றாவது வந்தவர் 55.41, உஷா 55.42. ஸ்டாப்வாட்சைக் கையால் அழுத்திப் பழகிய எனக்கு அந்த நூற்றில் ஒரு பங்கு என்பது கட்டை விரலுக்குக்கூட எட்டாத அளவு.

சேவாய்பேட்டை_ரெட்டும்_ஃபாலோவும்

உக்காந்து ஆடறதை எல்லாம் கணக்குல சேர்ப்பீங்களா? சேர்த்தா நான் வர்றேன். கேரம்.

மரிய இருதயம். 1991 உலக சாம்பியன், அர்ஜுனா விருது வாங்கின கேரம் ஆட்டக்காரர். அந்தப் பேரைக் கேட்டா எங்க வயசுக்காரங்க ஸ்ட்ரைக்கரைக் கீழ வெச்சுட்டு நிமிர்ந்து உக்காருவோம். அப்புறம் 2024ல சென்னைப் பொண்ணு காசிமா, ஆட்டோ ஓட்டறவரோட மக, அமெரிக்காவுல நடந்த உலகக் கோப்பையில மூணு தங்கம் அடிச்சுட்டு வந்துச்சு. எத்தனை பேருக்குத் தெரியும்? நம்மாளுங்களுக்கு கேரம்னா கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க டைம்பாஸ் பண்றது. ஒருநாள் போரிக் பவுடர் தட்டி, போர்டு ஓரத்துல ஒட்டிட்டு இருக்கற காயை பேஸ் லைன்ல இருந்து நேரா வெட்டிப் பாருங்க. விரல் நுனியில ஒரு நூல் தப்பினா ஸ்ட்ரைக்கர் உள்ள போய் மைனஸ்.

தட்டுவடை_செட்

கேரம் விளையாட்டுன்னா என் மாமா ஒலிம்பியன். தினம் சாயந்திரம் ஆறு மணியில இருந்து பயிற்சிதான்.

சேவாய்பேட்டை_ரெட்டும்_ஃபாலோவும்

கிண்டல் பண்ணு தம்பி, பண்ணு. செஸ்ல குகேஷும் உக்காந்துதான் ஆடினான். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப் பதினாலாவது ஆட்டம், வயசு 18. டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்துல வெச்சார். அதைக் கவனிச்ச அடுத்த நிமிஷம் அந்தப் பையன் முகத்தைப் பாரு, எந்த யார்க்கரும் பக்கத்துல வராது. ஜெயிச்சதும் குதிச்சானா? கண்ணுல தண்ணி ஊத்துது, கை பாட்டுக்கு காய்களை ஒவ்வொண்ணா எடுத்துப் பழைய இடத்துல அடுக்கி வைக்குது. ஆட்டம் முடிஞ்சா போர்டை ஒழுங்குபடுத்திட்டு எழுந்திரிக்கணும்னு எங்க கிளப்புல சொன்னா ஒரு பய கேக்க மாட்டான்.

அடிவாரம்_சைக்கிள்

லேட்டா வந்துட்டேன், மன்னிக்கணும். எனக்கு ஒரே ஆள்தான். பொகாசர். ஸ்லோவேனியாக்காரர், சைக்கிள்.

ஃப்ரான்ஸ்ல ஆல்ப் டூயஸ்னு ஒரு மலை. 21 கொண்டை ஊசி வளைவு, 13.8 கிலோமீட்டர். டூர் டி ஃப்ரான்ஸ்ல பேர் போன ஏத்தம். வளைவு ஒவ்வொண்ணுலயும் பலகை வெச்சு, அங்க ஜெயிச்சவங்க பேரை எழுதியிருப்பாங்க. நம்ம ஏற்காட்டுல 20 வளைவு. ஒண்ணுதான் கம்மி! ஏர்ற உயரமும் கிட்டத்தட்ட அந்த அளவுதான், நமக்கு ரோடு நீளம் அதிகம், அதனால ஏத்தம் கொஞ்சம் சாந்தம். இதை வெச்சு நாலு வருஷமா நான் வீட்ல "நம்மதும் ஆல்ப்ஸ் மாதிரிதான்"னு சொல்லி சைக்கிளுக்குச் செலவு பண்ணிட்டு இருக்கேன்.

விஷயத்துக்கு வர்றேன். நான் அடிவாரத்துல விடியக்காலையில கிளம்பினா ஏழாவது வளைவு வரைக்கும் பாட்டுப் பாடிட்டு போவேன். பத்துல பாட்டு நின்னுடும். பதினாலுல மூச்சு மட்டும்தான் கேக்கும், பின்னாடி வர்ற பஸ் ஹாரனே தூரத்துல கேக்கற மாதிரி இருக்கும். போன மாசம் அந்த பதினாலாவது வளைவுல காலை ஊன்றி நின்ன நேரத்துல, முதுகுப் பாக்கெட்ல வெச்சிருந்த ரெண்டு வாழைப்பழத்தையும் குரங்கு உருவிட்டுப் போயிடுச்சு. திரும்பிப் பார்க்கறதுக்குக்கூடத் தெம்பு இல்ல. அந்த இடத்துல, அந்த நிலைமையில, இந்த மனுஷன் சீட்டை விட்டு எழுந்து நின்னு மிதிச்சு மத்தவங்களை விட்டுட்டுப் போறார்ங்க! அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியல. 2024ல ஜீரோ டி இத்தாலியா, டூர் டி ஃப்ரான்ஸ் ரெண்டையும் ஜெயிச்சு, ரெண்டுலயும் ஆறாறு ஸ்டேஜ் எடுத்து, அதே வருஷம் ஜூரிக்ல உலக சாம்பியன்ஷிப். அங்க முடிய இன்னும் 100 கிலோமீட்டர் இருக்கும்போதே பிரிஞ்சு போயிட்டார். நூறு கிலோமீட்டர்னா நம்ம ஊர்ல இருந்து கிட்டத்தட்ட கரூர் வரைக்கும் போயிடலாம். டீமோட தந்திரம் எல்லாம் ஓரமா வெச்சுட்டு, "எனக்கு இப்ப போகணும்"னு கிளம்பற பையன் மாதிரி.

அம்மாபேட்டை_அக்கா

குரங்குதான் தம்பி அந்த மலையோட நிஜமான சாம்பியன். எந்த வளைவுல யாருக்கு மூச்சு வாங்கும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க.

சூரமங்கலத்தான்

ரெண்டு நாளா வேலை, இப்பத்தான் எல்லாம் படிச்சேன். தறிக்காரர் கேட்டதுக்குப் பதில் சொல்லாம ஓடிட்டேன்னு நினைக்க வேண்டாம்.

ஏழு மேட்ச்ங்கறது உண்மை. நடராஜனை முதல்ல போட்டது ஊர்ப்பாசம், அதையும் ஒத்துக்கறேன். ஆனா அந்த ஏழு எப்படி வந்துச்சுன்னு பாருங்க. 2015ல முதல் ரஞ்சி சீசன்லயே பந்து வீசற முறைமேல சந்தேகம்னு ரிப்போர்ட் ஆச்சு. வேற ஒருத்தனா இருந்தா ஊருக்குத் திரும்பி வந்து டென்னிஸ் பால் ஆடிட்டே வாழ்ந்திருப்பான். இவர் கையை, தோளை, எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி கட்டினார். எழுதிப் பழகின கையெழுத்தை மாத்தறதே எவ்வளவு கஷ்டம்!

2020 ஐ.பி.எல். முடிஞ்சு நெட் பவுலரா ஆஸ்திரேலியா போனார். மக பிறந்து சில நாள்தான், குழந்தையை நேர்ல பார்க்காமலே போனார். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அடிபட, டிசம்பர் 2 கேன்பராவுல ஒருநாள், 4ஆம் தேதி டி20, ஜனவரி 15 பிரிஸ்பேன்ல டெஸ்ட். ஒரே டூர்ல மூணு வகையிலயும் அறிமுகமான முதல் இந்தியர். டி20 தொடர் முடிஞ்சதும் ஹர்திக் பாண்டியா தொடர் நாயகன் விருதைக் கொண்டுபோய் இவர் கையில கொடுத்தார். பிரிஸ்பேன்ல முதல் இன்னிங்ஸ் மூணு விக்கெட், அதுல ஒண்ணு சதம் அடிச்ச லபுஷேன். 1988க்கு அப்புறம் அந்த மைதானத்துல தோக்காத ஆஸ்திரேலியா அன்னைக்குத் தோத்துச்சு. அப்புறம் முழங்கால் ஆபரேஷன். 2024 ஐ.பி.எல்.ல 19 விக்கெட் எடுத்தும் இந்திய டீம் பக்கம் கதவு திறக்கல.

நடால் பக்கத்துல வைக்கலாமான்னா, வைக்கக்கூடாதுதான். நான் கேட்டது யாரு பெரியவர்னு இல்ல. யாரு உங்களை எழுப்பினாங்கன்னு. உங்கப்பா விஷயத்துல எனக்குப் பதில் இல்ல.

குகை_தறிக்காரன்

பதில் எல்லாம் வேண்டாங்க. சண்டை போடறதுக்குத்தான் கேட்டேன்.

ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். 2021 ஜனவரியில அவர் ஊர் திரும்பின அன்னைக்கு சின்னப்பம்பட்டிக்கு நானும் போனேன். அப்பாதான் கூட்டிட்டுப் போகச் சொன்னார். கிரிக்கெட்ல எத்தனை பந்து ஒரு ஓவர்னுகூட அவருக்குத் தெரியாது. "அந்தப் பையனோட அப்பா சேலைத் தறியில வேலை செஞ்சவராமே"ன்னு மட்டும் கேட்டார். குதிரை பூட்டின வண்டியில வெச்சு ஊர்வலம், தாரை தப்பட்டை, காலை வைக்க இடம் இல்ல. கூட்டத்துல அப்பாவுக்கு ஒண்ணும் தெரியல. வண்டிச் சக்கரமும் குதிரையோட காதும்தான் தெரிஞ்சுதுன்னார். திரும்பி வரும்போது தாரமங்கலத்துல டீ குடிச்சோம். "அந்தக் கையைப் பார்க்கணும்னு நினைச்சேன்"னார். இடது கைக்காரன், தறியில உக்காந்திருந்தா நாடா எப்படித் தள்ளியிருப்பான்னு அவருக்கு யோசனை. வீடு வந்து சேர்ற வரைக்கும் அதையே பேசிட்டு வந்தார்.

பி.டி.வாத்தியார்

உங்கள் அப்பாவை நான் சந்திக்க வேண்டும். கை வாகு பற்றி நாற்பது வருடம் தறியில் இருந்தவருக்குத் தெரிந்தது பயிற்சியாளர் பலருக்குத் தெரியாது.

குகை_தறிக்காரன்

போன தையில தவறிட்டார் சார்.

பி.டி.வாத்தியார்

மன்னியுங்கள் தம்பி.

சேவாய்பேட்டை_ரெட்டும்_ஃபாலோவும்

வருத்தமான நேரத்துல குறுக்க வர்றேன்னு நினைக்காதீங்க. தறியண்ணே, ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நம்ம போர்டுக்கு வாங்க. சும்மா ரெண்டு ஆட்டம்.

குகை_தறிக்காரன்

வர்றேங்க. எனக்குக் கட் அடிக்க வராது, நேர் காய் மட்டும்தான்.

அம்மாபேட்டை_அக்கா

வாத்தியார் சார், உயரம் தாண்டுதல் பேச்சுல டோக்கியோ ஒலிம்பிக்ல தங்கத்தைப் பங்கு போட்ட ரெண்டு பேரை விட்டுட்டீங்களே. கத்தார் பர்ஷிமும் இத்தாலி தம்பேரியும். ரெண்டு பேரும் 2.37, அதுக்கு மேல யாராலயும் முடியல. "ரெண்டு தங்கம் தர முடியுமா"ன்னு பர்ஷிம் கேட்டு, அந்த இத்தாலிக்காரர் தாவி அவர்மேல ஏறிக்கிட்டது. என் பொண்ணு அதை நூறு தடவை பார்த்திருப்பா.

பி.டி.வாத்தியார்

விட்டது என் தவறுதான் அம்மா. அதைப் பார்த்துவிட்டு என் மாணவர்கள் இரண்டு பேர் மண்டலப் போட்டியில் "எங்களுக்கும் ரெண்டு தங்கம் கொடுங்க" என்று கேட்டார்கள். அவர்கள் இருவரும் நின்றது ஐந்தாவது இடத்தில்.

தட்டுவடை_செட்

😂😂 சார் அந்த ரெண்டு பேருக்கும் என் செலவுல ஆளுக்கு ஒரு செட்.

அடிவாரம் அண்ணா, ஞாயித்துக்கிழமை காலையில நானும் வரலாமா? கியர் இல்லாத சைக்கிள்தான் இருக்கு.

அடிவாரம்_சைக்கிள்

வா தம்பி. அஞ்சரைக்கு அடிவாரம் செக்போஸ்ட். தண்ணி ரெண்டு பாட்டில் எடுத்துக்கோ. கியர் இல்லன்னா அஞ்சாவது வளைவு வரைக்கும் வா, மிச்சத்தை அடுத்த வாரம் பார்க்கலாம். வாழைப்பழம் மட்டும் வெளிய தெரியற மாதிரி வைக்காதே.